பிராட்டில் தியேட்டரும் நான் சொன்ன ஒரு பொய்யும்

ஆன்சைட்டுன்னு பாஸ்டன் வந்து ரெண்டு மாசம். ஆபீஸ்ல ஆணி அதிகம். போன சனிக்கிழமை ரூம்ல தனியா உட்கார்ந்திருக்கப் பிடிக்காம, ஆத்தைத் தாண்டி கேம்பிரிட்ஜ்ல சும்மா சுத்திட்டிருந்தேன். ஹார்வர்ட் ஸ்கொயர் பக்கத்துல பிராட்டில் தியேட்டர். குரோசவாவோட 'இகிரு' ஓடுது. நுழைஞ்சுட்டேன்.

படம் ஆரம்பிச்சதும் என்னமோ குறையற மாதிரி இருந்துச்சு. நம்ம தலைக்கு மேல தூசியும் புகையுமா ஒரு வெளிச்சம் போகுமே, அது இல்ல! இங்க புரொஜக்டர் திரைக்குப் பின்னாடி இருக்காம்.

கட்டடம் 1890ல கட்டினது. நாடகமெல்லாம் நடந்த இடம். 1953ல சைரஸ் ஹார்வி, பிரையன்ட் ஹாலிடேன்னு ரெண்டு பேர் சினிமா தியேட்டரா மாத்தினாங்க. வெளிநாட்டுப் படம் போடணும்னா யாராவது வாங்கிட்டு வரணுமே? 1956ல ஜானஸ் ஃபிலிம்ஸ்னு விநியோகக் கம்பெனியும் ஆரம்பிச்சாங்க. பெர்க்மன் படங்கள் அமெரிக்கா முழுக்கப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். நாமெல்லாம் கிரைட்டீரியன்னு உருகறோமே, அதுல நிறைய படம் ஜானஸ் கிட்டேர்ந்து வர்றதுதான்.

ஹம்ப்ரி போகார்ட் 1957ல இறந்தப்புறம், பரீட்சை சமயத்துல அவர் படங்களா போடுவாங்களாம். ஹார்வர்ட் பசங்க புஸ்தகத்தை மூடி வச்சுட்டு வந்து, 'காஸபிளாங்கா' வசனத்தைத் திரையோட சேர்ந்து சொல்வாங்களாம். (நம்ம ஊர்ல ரஜினி படத்துக்கு நடக்கறதுதான் :-))

2001லேர்ந்து லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு நடத்துது. டிக்கெட் காசு மட்டும் பத்தாது, சந்தாவும் நன்கொடையும் வேணும். 2020ல கொரோனாவுக்கு மூடி, 2021ல திரும்பத் திறந்தாங்க.

எங்க ஊர்லயும் ஒரு தியேட்டர் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. நான் காலேஜ் கடைசி வருஷம் படிக்கறப்ப இடிச்சுட்டுக் கல்யாண மண்டபம் கட்டினாங்க. ஃபேஸ்புக்ல பக்கம் பக்கமா அழுதேன். அதுல எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி மூணு வருஷத்துல நான் அங்க ஒரு டிக்கெட் கூட வாங்கினதில்ல. எல்லாம் ஹாஸ்டல் லேப்டாப்ல ஓசி டவுன்லோட். லீவுல டீக்கடையில பார்த்த டிக்கெட் கிழிக்கற அண்ணன், "ஏன் தம்பி, இப்பல்லாம் வர்றதில்ல?"ன்னு கேட்டார்.

"படிப்பு ஜாஸ்திண்ணே."

'இகிரு' முடிஞ்சு வெளிய வந்ததும் பிராட்டில்ல ஒரு வருஷச் சந்தா கட்டினேன். நான் இங்க இருக்கப்போறது இன்னும் நாலே மாசம். மீதி எட்டு மாசம் அந்த அண்ணன் கணக்குல.