மீதி எவ்வளவு?

10 ஜனவரி 2024, புதன்

நேற்று வந்த அறிவிப்புதான் இன்று புளோக் முழுக்கப் பேச்சு. ஜூன் 1 முதல் பெரியவர்களின் பழைய ஈஸி-லிங்க் அட்டையும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டையும் பேருந்திலும் எம்ஆர்டியிலும் செல்லாது. சிம்ப்ளிகோ என்ற புது முறைக்கு மாறிவிட வேண்டும் என்கிறது சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம். மாறியபின் அட்டையைத் தட்டினால் கட்டணமும் மீதியும் திரையில் வராது. கைபேசிச் செயலியில் பார்க்கலாம், அல்லது நிலையத்து இயந்திரத்தில்.

மின்தூக்கியில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: “ஏன் தம்பி, புதுசுன்னா கூட ஒண்ணு தரணும்ல? இருந்ததையே புடுங்குறாங்களே!”

11 ஜனவரி, வியாழன்

அக்காவுக்குக் காரணத்தை விளக்கினேன். பழைய முறையில் பணக்கணக்கு அட்டையின் சில்லிலேயே இருக்கிறது. தட்டிய கணமே கருவி கழித்து, மீதியைக் காட்டிவிடும். சிம்ப்ளிகோவில் கணக்கு வேறெங்கோ ஒரு கணினியில். அங்கிருந்து மீதியை வரவழைக்கச் சில விநாடிகள் கூடும், வாசலில் கூட்டம் தேங்கும் என்கிறது ஆணையம். சுவா சூ காங் நிலையத்தைக் காலை நேரத்தில் பார்த்தவர்கள் அதை மறுக்க முடியாது.

ஆனால் மென்பொருள் சோதிப்பது என் பிழைப்பு. எங்கள் தொழிலில் இப்படிப்பட்டதைப் பிழை என்று எழுதமாட்டார்கள். ‘வடிவமைப்பே அப்படித்தான்’ என்று புகாரை மூடிவிடுவார்கள். அப்படி மூடப்பட்டவைதான் பயன்படுத்துகிறவர்களை அதிகம் வதைக்கின்றன.

13 ஜனவரி, சனி

பொங்கலுக்குச் சாமான் வாங்க அக்காவோடு தேக்காவுக்குப் போனேன். எல்ஆர்டியில் புக்கிட் பாஞ்சாங், அங்கிருந்து டவுன்டவுன் பாதையில் லிட்டில் இந்தியா. வழியெல்லாம் அக்காவைக் கவனித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் அட்டையை வைத்துவிட்டு, திரையில் எண் வரும்வரை கையை எடுக்காமல் நிற்கிறார். வெளியே வந்ததும், “இன்னும் நாலு வெள்ளி சொச்சம். திங்கள் வரைக்கும் ஓடும்” என்றார். சமையற்கட்டில் வேலை செய்கிறவர். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கித்தான் அட்டையில் பணம் போடுவார். அந்த எண்தான் அவருடைய கணக்குப் புத்தகம். அவர் கைபேசியில் செயலியை இறக்க இடமும் இல்லை, அவருக்குப் பொறுமையும் இல்லை.

கேம்பல் லேனில் கரும்பு, மஞ்சள் கொத்து, மண்பானை. கூட்டத்திலும் இதே பேச்சு காதில் விழுந்தது.

17 ஜனவரி, புதன்

அட்டையை மாற்றப் பயணச்சீட்டு அலுவலகங்களில் நீண்ட வரிசை என்று செய்தி. கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. முறையை வடிவமைத்தவர்கள் அவர்களல்ல; திட்டு மட்டும் அவர்களுக்கு. பெரியவர்களின் பயணங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே சிம்ப்ளிகோவில் நடக்கிறதாம். நல்லது. அதில் வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகிறவருக்கு மீதி பற்றிய கவலை கிடையாது. மிச்சமிருக்கும் ஒரு பங்கில்தான் அக்காவைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

22 ஜனவரி, திங்கள்

முடிவு மாறிவிட்டது! பழைய முறையைக் குறைந்தது 2030 வரை வைத்திருக்கப்போகிறார்கள். அதற்குக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி. போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் அறிவித்தார். இரண்டே வாரத்துக்குள் இறங்கிவந்தது பெரிய காரியம். பிடிவாதம் பிடித்திருந்தால் யார் என்ன செய்ய முடியும்? கதவைத் தட்டி அக்காவிடம் சொன்னேன். “அப்பாடா” என்றவர், உடனே, “40 மில்லியனா? அது யாரு காசு தம்பி?” என்றார். நம் காசுதான்.

24 ஜனவரி, புதன்

நாளை தைப்பூசம். அக்காவின் மகன் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குப் பால்குடம் எடுக்கிறான். விடியுமுன் கிளம்ப வேண்டும். படுக்குமுன் இதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

2002-இல் ஈஸி-லிங்க் வந்தது. அதற்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும்; கருவிகள் என்றைக்கும் உழைக்காது. 2030-க்கு அப்பால் வரப்போகிற முறையை இப்போதே யாராவது வரையத் தொடங்கியிருந்தால், அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வாரத்துக்குப் பத்து வெள்ளி போட்டு ஓட்டுகிறவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கையில் அட்டையைக் கொடுத்துச் சோதியுங்கள். பழையதை நிறுத்தும் தேதியை அதன் பிறகு அறிவியுங்கள்.