நாலு பிள்ளை, ஒரு பொட்டலம்

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) இருக்கிறதைப் பங்கு போட்டுச் சாப்பிடு என்று சண்டே ஸ்கூலிலும் சொன்னார்கள், வீட்டிலும் சொன்னார்கள். அப்படி வளர்ந்த நான், 2018-ல் வங்கதேசத்துக்குப் போய் ஒரு தாயிடம், "பிள்ளைகளுக்குப் பங்கு போடாதே" என்று சொல்ல வேண்டிவந்தது.

அப்போது நான் உணவியல் எம்.எஸ்ஸி. மாணவி. ஒரு கிறிஸ்தவ உதவி நிறுவனத்தின் மூலம் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் உள்ள குதுபாலாங் அகதி முகாமில் ஆறு வாரக் களப்பயிற்சி கிடைத்தது. வீட்டில் லேசில் விடவில்லை. "மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கிற நேரத்துல அகதி முகாமுக்குப் போறேங்கியே, ஏட்டி, நல்லாருக்கா?" என்றாள் அம்மா. அப்பாவுக்கு வேறு கவலை. "அங்க எல்லாரும் முஸ்லிம் ஜனங்க. நீ போய் பிரசங்கம் கிரசங்கம் பண்ணிட்டு நிக்காதே!"

அதற்கு இடமே இல்லை. உதவியைச் சாக்காக வைத்து மதமோ அரசியலோ வளர்க்கக் கூடாது என்று 1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு நடத்தை விதி வகுத்திருக்கின்றன. முதல் நாளே எங்களிடம் அதைச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. வீடு வாசலை இழந்து வந்து நிற்கிறவளிடம், நீட்டிய சோற்றோடு வேறெதையும் சேர்த்து நீட்டுவது மரியாதையா, சொல்லுங்கள்?

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு, மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் ராணுவத்தின் கொடுமைக்குத் தப்பி 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் எல்லை தாண்டி வந்தார்கள். குதுபாலாங் பகுதியில் மட்டும், சுமார் 13 சதுர கிலோமீட்டருக்குள், 6 லட்சம் பேர்! மரங்களை வெட்டிவிட்ட மண்குன்றுகள். அவற்றின் மேல் மூங்கிலும் தார்ப்பாயுமாக வரிசை வரிசையாய்க் குடிசைகள். நான் போனது ஜூன் மாதம், நல்ல மழை. ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் போவதற்குள் நாலு தடவை வழுக்கும். ஆனால் அந்தச் சேற்றுக்கு நடுவிலும் உள்ளே போனால் அசல் குடித்தனம்தான். பெருக்கின தரை, கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், மூலையில் வெற்றிலை.

அரிசியும் பருப்பும் எண்ணெயும் ரேஷனில் கிடைத்தன. மீனோ காயோ வேண்டுமென்றால் அந்த அரிசியிலேயே கொஞ்சத்தை விற்றாக வேண்டும். பெண்கள் பாடு இன்னும் மோசம். கக்கூஸ் தூரத்தில், ஆண்கள் நடமாடும் வழியில் இருந்தது. பகலில் போகக் கூச்சப்பட்டுப் பலர் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அவள் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

என் வேலை குழந்தைகளின் கையை அளப்பது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, இடது கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நட்டநடுவில் ஒரு கலர் டேப்பைச் சுற்ற வேண்டும். சுற்றளவு 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. 11.5 வரை மஞ்சள். அதற்கும் கீழே என்றால் சிவப்பு, உயிருக்கே ஆபத்து. (இறுக்கவும் கூடாது, தொளதொளவென்று விடவும் கூடாது. வளையல் அளவு எடுப்பது போலத்தான்.) 2017 கடைசியில் எடுத்த கணக்கெடுப்பில், புதிதாக வந்தவர்களின் குடியிருப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை ஊட்டச்சத்துக் குறைவால் மெலிந்துபோயிருந்தது.

சிவப்புக் குழந்தைகளுக்கு ஒரு பொட்டலம் தருவோம். வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்து மருந்துகள் எல்லாம் சேர்த்து அரைத்த விழுது. 92 கிராம், 500 கலோரி. நம் கடலைமிட்டாயைக் குழைத்தது போல ருசி. தண்ணீர் கலக்க வேண்டாம் என்பதுதான் இதில் பெரிய சௌகரியம். முகாம் தண்ணீரில் வரும் வயிற்றுப்போக்குக்கு வேலை இல்லை. முனையைக் கிழித்து அப்படியே பிதுக்கி ஊட்டலாம். எடைக்குத் தகுந்தபடி நாளுக்கு இரண்டு மூன்று. வாரத்துக்கு ஒருமுறை தாய் குழந்தையோடு வந்து, எடை போட்டு, அடுத்த வாரத்துக்கு வாங்கிப் போவாள்.

அப்படி வந்தவள்தான் நான் சொல்ல வந்த தாய். இடுப்பில் பதினாலு மாதப் பெண் குழந்தை, எடை 6 கிலோ 400 கிராம், கை 11.1. நாலு மாதக் கைக்குழந்தையாக எல்லை தாண்டித் தூக்கி வரப்பட்டது. ரோஹிங்யா பேச்சு சிட்டகாங் பேச்சுக்கு நெருக்கம் என்பதால் சிட்டகாங்கிலிருந்து வந்திருந்த நர்ஸ் அக்கா பேசுவார். எனக்கு இங்கிலீஷில் சொல்வார். ரமலான் நேரம் அது. "நீ நோன்பு பிடிக்கலையா?" என்று அந்தத் தாய் என்னைக் கேட்டாள். நான் கிறிஸ்தவப் பெண், எங்களுக்கு நோன்பு லெந்து நாட்களில் என்றேன். "ஓ, ஈசா நபியோட ஆளுங்களா!" என்று தலையை ஆட்டிக்கொண்டாள். மதத்தைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மூன்று வாரம் ஆயிற்று. வாரத்துக்கு 200 கிராமாவது ஏற வேண்டிய குழந்தை, மொத்தமே 40 கிராம்தான் ஏறியிருந்தது. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. பெருநாள் கழிந்து வீட்டுக்கே போனோம். அங்கே பெரியவள் ஒருத்தி எட்டு வயதில், அடுத்து ஆறு வயதுப் பையன், மூன்று வயதில் இன்னொருவன். சமாச்சாரம் புரிந்துவிட்டது. பொட்டலத்தை வரிசையாக நாலு வாயிலும் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது சாப்பாடு இல்லை, மருந்து. காய்ச்சல் மருந்தை நாலு பேருக்கும் கொடுப்பியா?" என்றார் நர்ஸ் அக்கா.

"மருந்து கசக்கும். இது இனிக்குதே! மூணு பேரும் பார்த்துக்கிட்டு நிக்கிறப்போ ஒண்ணுக்கு மட்டும் இனிப்பை எப்படிக் கொடுக்கிறது?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கொடுப்பியா?" என்றாள்.

நான் என்ன சொல்ல? ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதுமாய் இருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள். ஆனால் அந்த 500 கலோரியை நாலாக வகுத்தால் 125தான்; யாருக்கும் பற்றாது.

டேப்பை எடுத்து மூன்று வயதுப் பையனை அளந்தேன். 12.1. மஞ்சள். அவனுக்கென்று தனியாகக் கோதுமை-சோயா மாவு வாங்கிக் கொடுக்க வழி பிறந்தது. மூத்தது இரண்டுக்கும்? ஐந்து வயது தாண்டியவர்கள். எங்கள் டேப்பிலும் இல்லை, திட்டத்திலும் இல்லை. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் அவர்கள் ஓதப் போகிற நேரத்தில் சின்னதுக்கு ஊட்டிவிடுவது. வந்த பிறகு, காலிப் பொட்டலத்தை வழித்து நக்கிக்கொள்ள அவர்களிடம் கொடுப்பது. விதிப்படி பார்த்தால் அதுவும் தப்புத்தான். நர்ஸ் அக்கா குடையைப் பிரிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கிளம்பிய வாரம் குழந்தை 7 கிலோவைத் தொட்டிருந்தது. ஆகஸ்டில் கை 12.6 என்று நர்ஸ் அக்கா செய்தி அனுப்பினார்.

இப்போது எனக்கும் இரண்டரை வயதில் ஒரு பையன் இருக்கிறான். அந்த முகாம் செய்தி பேப்பரில் எங்கே வந்தாலும் கண் போய்விடுகிறது. ஓர் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த ரேஷனை, பணமில்லை என்று 2023 மார்ச்சில் 10 டாலர் ஆக்கினார்கள், ஜூனில் 8. நாளுக்கு 27 சென்ட்! 2024 ஜனவரியில்தான் மறுபடி 10 ஆனது. அந்த ஜூனில் அந்தப் பெண் குழந்தைக்கு ஆறு வயது முடிந்திருக்கும்.