குச்சிக்குத் தெரிந்த வைத்தியம்

மாரண்டஹள்ளியில் பனிக்கடியைப் பற்றிப் பேசினால், அது சியாச்சினில் காவல் நிற்கும் ராணுவ வீரர்களின் கவலை என்பார்கள். ஆனால் மாட்டுக்குச் சினை ஊசி போடும் நாங்கள் வண்டியில் கட்டிக்கொண்டு போகும் நைட்ரஜன் கேனுக்குள் இருப்பது மைனஸ் 196 டிகிரி. சியாச்சின் இரவே அதற்குப் பக்கத்தில் வராது. இந்தத் தொழிலில் இருப்பவருக்குப் பனிக்கடி வைத்தியம் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும் என்பது என் கட்சி. உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி வெதுநீரில் அரை நிமிடம் போடுகிறோம். கையால் உரசுவதில்லை, அடுப்பில் காட்டுவதில்லை. உருகியதை மறுபடி கேனுக்குள் விடுவதில்லை. விட்டால் பனிப்படிகம் பெருத்து விந்தணுக்களைக் கிழித்துவிடும். உறைந்த விரலுக்கும் இதேதான்: 37 முதல் 39 டிகிரி நீர், தேய்ப்பு கிடையாது, மறுபடி உறையவிடக் கூடாது. நேரம்தான் கூடுதல்; தோல் சிவந்து இளகும்வரை, சுமார் அரை மணி. நீரின் சூட்டை மரத்துப்போன கையால் பார்க்காமல் இன்னொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு எளிய சங்கதி மருத்துவத்துக்கே தாமதமாகத்தான் விளங்கியது. 1812-இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியன் படையினர் இரவில் நெருப்பில் காய்ந்தார்கள், பகலில் நடந்து மறுபடி உறைந்தார்கள். அழுகிய கால்களைப் பார்த்த மருத்துவர் லாரே, சூட்டின் மேல் பழி போட்டுப் பனியால் தேய்க்கச் சொன்னார். அவர் கண்டது சரி, முடிவுதான் தவறு. கெடுத்தது நெருப்பின் சுடுபுண்ணும் மறு உறைவும். அந்த யோசனை நூறாண்டுக்கு மேல் ஓடியது. 1960 வாக்கில் அலாஸ்காவில் மருத்துவர் வில்லியம் மில்ஸ் வெதுநீரில் விரைவாக இளக்கும் முறையை நிலைநிறுத்தினார்.

“நைட்ரஜன் கையில் தெறித்தால் உருண்டு ஓடிவிடுகிறதே, கையுறை எதற்கு?” என்பார்கள் தொழிலில் பழகியவர்கள். ஒரு கணத்துக்கு உண்மைதான். தோலின் சூட்டில் கிளம்பும் ஆவி நடுவே நின்று காக்கிறது. ஆனால் ஷூவுக்குள் இறங்கியதும் துணிக் கையுறையில் ஊறியதும் ஓடாது. கேனுக்குள்ளிருந்து எடுத்த உலோகம் ஈரக் கையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பிய்த்து இழுக்காமல் வெதுநீர் ஊற்றி விடுவிக்க வேண்டும். உதறினால் கழன்று விழும் தளர்வான தோல் கையுறையும், ஷூவுக்கு வெளியே விட்ட கால்சட்டையும் போதும், பெரும்பாலான காயம் வராது. பட்ட இடம் வெளுத்து மெழுகாகி வலி நின்றுபோனால் ‘சரியாகிவிட்டது’ என்று ஊசி போடக் கிளம்புவதுதான் பெரிய ஆபத்து. வலி நிற்பதே கெட்ட குறி. இளகும்போது அது பலமாகத் திரும்பும்.

குச்சியோடு ஒப்பிடுவது இதற்கு மேல் செல்லாது. விரலில் ரத்தக் குழாய் இருக்கிறது. இளகிய பிறகும் அதில் ரத்தம் உறைந்து அடைக்கலாம். தெளிந்த நீர்க் கொப்புளத்தைவிட ரத்தக் கொப்புளம் ஆழமான காயம். அடைப்பைக் கரைக்கும் மருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் என்பதால், பற்பசை தடவிக் காத்திராமல் அன்றே தருமபுரி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கறுத்த விரலை உடனே வெட்டச் சொல்லி வீட்டார் அவசரப்படவும் வேண்டாம். சீழ் பிடிக்காதவரை, எது பிழைக்கும் எது போகும் என்பது தெரியவே வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.