பேராதனை சென்ற தள்ளுவண்டி

சென்ற விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பூந்தோட்டம் காணப் புறப்பட்டபோது, எங்கள் வீட்டில் எழுந்த முதல் வழக்கு தள்ளுவண்டியைப் பற்றியதே. முதுகுவலியுடைய என் மனைவிக்கு இரண்டு வயதுச் சின்னவளைச் சுமக்க இயலாது. மைத்துனர் அன்போடு தந்த பழைய வண்டியோ ஒரு சிறு தேர்! புகையிரதத்தில் அதனை ஏற்ற நாலு பேர் வேண்டும்.

ஆகவே மடக்கு வண்டியொன்று வாங்கினோம். குடைபோல் மடங்கும் இவ்வகையை 1965இல் வடிவமைத்தவர், ஸ்பிற்பயர் போர்விமானத்தின் சக்கரத் தாங்கியமைப்பில் பங்குகொண்ட ஓவன் மக்லாரன் என்னும் ஆங்கிலேயர். அலுமினியக் குழாய்களாலான அவ்வண்டியின் எடை ஏறத்தாழ 3 கிலோவே. எங்களுடையது 6 கிலோ. பொல்காவலையில் வண்டி மாறியபோது, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் தள்ளுவண்டியுமாக நானே ஏறிவிட்டேன்.

தோட்டத்தில் அரசப் பனைகள் அணிவகுக்கும் சாலையில் அது வழுக்கிச் சென்றது. புற்றரையிலோ சிறு சக்கரங்கள் முரண்டுபிடித்தன. மைத்துனரின் தேரை அங்கே நினைத்துக்கொண்டேன். மகாவலிக் கரையருகே சின்னவளைத் தூக்கியதுதான் தாமதம், கைப்பிடியில் மாட்டியிருந்த சோற்றுப் பை வண்டியைப் பின்புறமாகக் கவிழ்த்துவிட்டது. என் நெஞ்சு திக்கென்றது. இலேசான வண்டிக்கு இக்குறை உண்டென்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாங்குவோர் கடையிலேயே பிள்ளையை இருத்தி, தோள், இடை, தொடைகளுக்கிடை என ஐந்து முனையில் வார் பிணைக்கின்றதா, சரிவில் தடை பிடிக்கின்றதா, விரித்தபின் பூட்டு விழுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். மடக்குங்கால் பிள்ளையின் விரல் அருகே இருத்தலாகாது.

திரும்புகையில் வண்டி இருக்கையின் கீழ்க் கிடந்தது. சின்னவள் என் மடியில் உறங்கினாள். சோற்றுப் பை என் தோளில்.