மார்கழிக் குளிரில் அருகம்புல்

மார்கழி மாதத்து அதிகாலையில் பாரூர் ஏரிக்கரையில் வெறுங்காலுடன் நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு சுகம் தெரிந்திருக்கும். பனித்துளிகளைச் சுமந்து நிற்கும் அருகம்புல் பாதத்தில் பட்டதும் உச்சந்தலை வரையில் சில்லென்று ஏறும். அவ்வளவு பனியிலும் அங்கே புல்லின் பச்சை குறைவதில்லை. ஏரியின் ஈரமும் பகலில் அடிக்கும் நல்ல வெயிலும் அதைக் காப்பாற்றி விடுகின்றன.

பாரூர் ஏரிக்குத் தண்ணீர் கொடுப்பது தென்பெண்ணை. அந்த நதி வரும் திசையை நோக்கி, கிருஷ்ணகிரி அணையையும் சூளகிரியையும் கடந்து சென்றேன். ராஜாஜி 1878-ல் பிறந்த தொரப்பள்ளிக் கிராமம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வழி நெடுக நிலம் படிப்படியாக உயர்ந்து, கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி மேலே, ஓசூரில் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. கம்பளியை எடுத்துப் போர்த்திக் கொண்டேன். புல்லுக்கு ஏது கம்பளி என்று அப்போது தோன்றியது. உண்டு என்பதைப் பிற்பாடு தெரிந்து கொண்டேன்.

ஓசூருக்கும் புல்லுக்கும் உறவு பழையது. பக்கத்திலுள்ள மத்திகிரியில் 1824-ல் வெள்ளைக்காரர் தங்கள் குதிரைப் படைக்காக ஒரு பண்ணை ஏற்படுத்தினார்கள். 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் இன்று தமிழ்நாடு அரசாங்கத்தின் கால்நடைப் பண்ணை இருக்கிறது. குதிரைகள் போயின, மாடுகள் வந்தன, புல் மட்டும் போகவில்லை. இப்போதோ ஊரைச் சுற்றி ஆலைகள் பெருகிவிட்டன. ஆலை வாசலுக்கு ஒரு புல்தரையும் அவசியமாகி விட்டது.

அப்படிப்பட்ட ஓர் ஆலையின் வாசலில்தான் அந்த வயோதிகத் தோட்டக்காரரைக் கண்டேன். அவருக்கு முன்னால் அரை ஏக்கர் புல்தரை வைக்கோல் நிறத்தில் கிடந்தது. கையிலே மண்வெட்டி, முகத்திலே கவலை.

"புல்லு செத்துப்போச்சாம். எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுட்டுப் புதுசா வேறே புல்லு போடச் சொல்லிட்டாங்க, ஐயா" என்றார்.

"உமக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் ஒரு கொத்து மண்ணைப் பெயர்த்து என் கையில் வைத்தார். மேலே சருகு, ஆனால் மண்ணுக்குள்ளே விரல் நீளத்தில் வெள்ளை வெளேரென்று தண்டுகள் ஓடியிருந்தன.

"செத்ததுக்கு இந்த வெள்ளை ஏதுங்க?" என்றார்.

சாஸ்திரமும் அந்தக் கிழவரின் கட்சிதான். அருகம்புல் வெயிலின் குழந்தை. 25 முதல் 35 டிகிரி வரையிலான உஷ்ணத்தில் அது செழித்துப் படரும். 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி மிகவும் மந்தப்படும். 10 டிகிரிக்கும் கீழே போனால் இலையின் பச்சை அழிந்துவிடும். ஆனால் கோடையில் சம்பாதித்த ஆகாரத்தை அது மாவுப் பொருளாக அடித்தண்டுகளிலே சேமித்து வைத்திருக்கிறது. குளிர் மெல்ல மெல்ல வருமானால், தண்டிலுள்ள அணுக்கள் நீரைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டு எளிதில் உறையாதபடி உறுதி பெறும். மேலே மூடியிருக்கும் மண்தான் அதன் கம்பளி.

ஓசூர்க் குளிர் அருகைக் கொல்லும் குளிரல்ல. தூங்க வைக்கும் குளிர். அதோடு தை, மாசி மாதங்களின் வறட்சியும், அழகுக்காக ஒட்ட வெட்டிவிடும் இயந்திரமும் சேர்ந்துகொண்டால் தரை முழுவதும் சருகாகிவிடுகிறது. 7,000 அடிக்கு மேலேயுள்ள உதகமண்டலத்தில் உறைபனியே விழும். பள்ளங்களில் புல் கருகிவிடும். அங்கும் மழை கண்டவுடன் பள்ளங்கள் பச்சையாகின்றன.

குளிர் இதைவிடக் கடுமையான அமெரிக்காவில், அருகைப் பெர்முடாப் புல் என்பார்கள். தரைக்குள் உறைந்து தண்டே மடிந்துபோவது அங்கே பெரிய நஷ்டம். ஆகையால் ஓக்லஹோமா ஸ்டேட் ஸர்வகலாசாலையார் குளிர் தாங்கும் அருகு வகைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 'லாட்டிடியூட் 36' என்ற வகையை 2010-ல் வெளியிட்டார்கள். நம்முடைய வீட்டு முற்றத்துக்கு அவ்வளவு பிரயாசை வேண்டியதில்லை. பனிக்காலம் தொடங்குமுன் புல்லை ஒட்ட வெட்டாமல் விடவேண்டும். யூரியாவைக் கொட்டிப் புதுத் தளிரைக் கிளப்பக் கூடாது. மண் அடியோடு காயாதபடி எப்போதாவது நீர் தெளிக்கவேண்டும். நிழல் கவிக்கும் கிளைகளைக் கழிக்கவேண்டும். இவ்வளவே போதும்.

அன்று தோட்டக்காரர் பத்து நாள் தவணை கேட்டு வாங்கிக்கொண்டார். பெயர்த்த மண்ணை ஒரு தகரடப்பாவில் இட்டு, நீர் தெளித்து, தம் வீட்டு அடுப்பங்கரையின் கதகதப்பில் வைத்தார். ஒன்பதாம் நாள் ஊசிமுனைபோல் ஒரு பச்சை எட்டிப் பார்த்ததாம். டப்பாவை அப்படியே அதிகாரியின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டார். பங்குனி முடிவதற்குள் புல்தரை பச்சையாகிவிட்டது என்று தொலைபேசியில் எனக்குச் சொன்னபோது, பேரப்பிள்ளை பிறந்ததைச் சொல்வது போன்ற குதூகலம் அவர் குரலில் இருந்தது.

மணமக்களை வாழ்த்தும்போது நம் பெரியோர் ஆலின் தழையைச் சொன்னார்கள். ஆனால் அருகின் வேரைச் சொன்னார்கள். மார்கழிக் கோலத்தில் சாணப் பிள்ளையார் தலையில் அருகைச் செருகும்போது இனி அதையும் நினைத்துக் கொள்ளலாம். மேலே வாடியதைக் கண்டு மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால், ஒரு பிடி மண்ணைக் கிளறிப் பார்ப்பது நல்லது.