இலை விளிம்பு கருகினால் பொட்டாஷ்தானா?

வந்தவாசிப் பக்கத்துப் பெரியவர் அவர். நான்கு ஏக்கரில் நெல்லும் மல்லாட்டையும் போடுபவர். மே மாதம் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் புரை நீக்கிக்கொண்டு, பேசின் பிரிட்ஜில் இருக்கும் மகள் வீட்டில் தங்கியிருந்தார். 'ஒரு மாசத்துக்குக் கழனிப் பக்கம் போகக் கூடாது' என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பொழுது போகாமல் ஒரு காலையில் மொட்டை மாடிக்கு ஏறினார்.

மாடியில் 14 செடிப் பைகள் இருந்தன. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தளையில் தொடங்கிய தோட்டம் அது. தக்காளி, மிளகாய், செடி அவரை, கறிவேப்பிலை எல்லாம் இருந்தன. எந்தச் செடியும் தேறவில்லை. அடி இலைகளின் விளிம்பு தீயில் வாட்டியதுபோல் கருகியிருந்தது. பை ஈரமாக இருந்தும் செடிகள் தலை தொங்கி நின்றன.

"கூட்ஸ் ரயில், லாரி, தொழிற்சாலைப் புகை... இந்த ஊர்க் காத்துல செடி எங்கப்பா வளரும்? இந்த வாரத்தோட எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடப் போறேன்" என்றார் மகள்.

அதுவரை அவர் சும்மா இருக்கவில்லை. கடைக்காரர் சொன்னபடி 19:19:19 வாங்கி ஊற்றினார். பிறகு நுண்ணூட்டக் கலவை தெளித்தார். கடைசியாக, "விளிம்பு கருகினா பொட்டாஷ் பத்தலைன்னு அர்த்தம்" என்று இன்னொருவர் சொன்னதால், வாரம் ஒரு ஸ்பூன் பொட்டாஷ் வைத்தார். வைக்க வைக்கக் கருகல் கூடியது. எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

பெரியவர் பார்த்த விதம்

"அடி இலையா, கொழுந்தான்னு பாத்தியா?" என்பதுதான் பெரியவர் கேட்ட முதல் கேள்வி.

மல்லாட்டையில் அவர் பழகிய பாடம் அது. தழை, மணி, சாம்பல், மக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும். அதனால் குறை முதலில் அடி இலையில் தெரியும். தழைச்சத்து குறைந்தால் அடி இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும். மக்னீசியம் குறைந்தால் நரம்பு பச்சையாக இருக்க, நடுப்பகுதி மஞ்சளாகும். சாம்பல்சத்து குறைந்தால் விளிம்பு கருகும்.

இரும்பு, சுண்ணாம்பு, போரான் அப்படி எளிதில் நகராது. அவை குறைந்தால் கொழுந்தில்தான் தெரியும். மல்லாட்டையின் குருத்து இலை வெளிறினால் ஒரு சதவீத அன்னபேதிக் கரைசல் தெளிப்பது இதனால்தான். அடி இலை மஞ்சளுக்கு அன்னபேதி தெளித்தாலும், குருத்து மஞ்சளுக்கு யூரியா போட்டாலும் காசுதான் வீண்.

இங்கே கருகியது அடி இலையின் விளிம்பு. கணக்குப்படி பொட்டாஷ் பற்றாக்குறை என்றுதான் பெரியவரும் முதலில் நினைத்தார். ஆனால் பொட்டாஷ் வைத்த பிறகும் கூடியிருக்கிறதே என்ற சந்தேகம் அவருக்கு வந்தது.

வெள்ளைத் துணியை நனைத்து ஓர் இலையைத் துடைத்தார். துணி கறுத்தது. ஆனால் இலையின் நடுப்பகுதி பளிச்சென்று பச்சையாக இருந்தது. தெருவில் நிற்கும் வேப்பமரமும் இதே புகையைத்தான் வாங்குகிறது, அதில் ஓர் இலைகூட இப்படிக் கருகவில்லை. மாசு இருப்பது உண்மை, ஆனால் இந்தக் கருகலுக்கு அது காரணமில்லை.

அடுத்து, மிளகாய்ச் செடியை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பார்த்தார். இலைப்பேன் எதுவும் விழவில்லை. இலைப்பேன் தாக்கினால் மிளகாய் இலை படகுபோல் மேல்நோக்கிச் சுருளும். சிலந்தி தாக்கினால் கீழ்நோக்கி மடங்கும். இங்கே இரண்டும் இல்லை. அதோடு, பூச்சியோ நோயோ பெரும்பாலும் ஒரு வகைச் செடியைத்தான் முதலில் பிடிக்கும். தக்காளி, அவரை, கறிவேப்பிலை என எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி வந்திருந்தது. அப்படியானால் எல்லாச் செடிக்கும் பொதுவாகப் போகும் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பையின் ஓரத்தை விரலால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு பூத்திருக்கு. என்ன தண்ணிம்மா ஊத்தறே?" என்றார்.

மிச்சம் பிடித்த தண்ணீர்

மகள் தயங்கித்தான் சொன்னார். மெட்ரோ தண்ணீர் குடத்துக் கணக்கில் வருவதால் செடிக்கு ஊற்ற மனசு வராது. போர் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழிந்து வரும் தண்ணீர் வீணாகிறதே என்று, அதை வாளியில் பிடித்து இரண்டு மாடி தூக்கி வந்து ஊற்றினார். ஆறு மாதமாக இதுதான் நடந்தது.

இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்த பையனிடம் உப்பு அளக்கும் மீட்டர் இருந்தது. போர் தண்ணீரில் 1,340 காட்டியது. கழிவுத் தண்ணீரில் 2,110. நல்ல தண்ணீரை ஒரு பக்கம் பிரித்துவிட்டு, அதில் இருந்த உப்பையும் சேர்த்து மறுபக்கம் தள்ளுவதுதான் ஆர்.ஓ. வேலை. அந்த உப்பு முழுக்கச் செடிப் பைக்குப் போயிருக்கிறது.

மீட்டர் காட்டும் எண்ணை 640-ஆல் வகுத்தால், மண் பரிசோதனை அட்டையில் வரும் 'மின் கடத்தும் திறன்' ஏறத்தாழக் கிடைக்கும். கழிவுத் தண்ணீர் 3.3. பாசன நீரில் 0.7 வரை கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. பையில் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். மண்ணில் உப்பு 1-ஐத் தாண்டினாலே அவரை இனம் தளரும். மிளகாய் 1.5 வரை தாங்கும், தக்காளி 2.5 வரை.

உப்பு மிகுந்தால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஈரத்திலும் செடி வாடும். உள்ளே போன உப்பு பழைய இலையின் விளிம்பில் சேர்ந்து கருக்கும். பார்வைக்குப் பொட்டாஷ் பற்றாக்குறை மாதிரியே இருக்கும். கடையில் கிடைக்கும் சிவப்புப் பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புதான். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது அதனால்தான்.

பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் சால்ட் கொட்டாரஸ் என்று ஒரு ரயில்வே சரக்கு நிலையம் இருக்கிறது. உப்புக் கிடங்குகள் இருந்ததால் வந்த பெயர் அது. "பேரிலேயே உப்பு இருக்குது, நாமதான் பாக்கலை" என்று பெரியவர் சிரித்தார்.

ஆறு பைகள்

செய்ய வேண்டியது ஒன்றுதான். உப்பைக் கழுவி இறக்க வேண்டும். 15 லிட்டர் பைக்கு 30 லிட்டர் நல்ல தண்ணீர், மூன்று தவணையாக மெதுவாக ஊற்றி, அடித் துளை வழியே வடியவிட வேண்டும். 14 பைக்கு 420 லிட்டர். மே மாதத்தில், குடத்தில் வரும் மெட்ரோ தண்ணீரில் அது நடக்காது. அதனால் தக்காளி, மிளகாய், கறிவேப்பிலை என்று ஆறு பைகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்தார்கள். உரம் எல்லாம் நிறுத்தம். மற்றவை மழைக்குக் காத்திருந்தன.

கருகிய இலை மறுபடி பச்சையாகாது; புது இலை எப்படி வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரம் தக்காளியில் வந்த புது இலைகள் விளிம்பு வரை பச்சையாக இருந்தன. மழைக்குக் காத்திருந்த பைகளில் அவரை நான்கும் செத்தன. ஜூலையில் மாலை மழை பிடித்ததும் மிச்சம் நான்கும் தேறின. இப்போது மகள் மாடி மழைநீரை டிரம்மில் பிடிக்கிறார். ஆர்.ஓ. கழிவு நீர் தரை கழுவவும் கழிவறைக்கும் போகிறது.

ஊர் திரும்பிய பெரியவருக்கு வேறு ஒரு கணக்கு உறுத்தியது. போன இரண்டு பட்டமும் மல்லாட்டையின் அடி இலை விளிம்பு கருகியது. அதற்காகப் பொட்டாஷ் மூட்டை வாங்கிப் போட்டிருந்தார். கிணற்றுத் தண்ணீரை ஒருமுறையும் பரிசோதித்தது இல்லை. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, அரை லிட்டர் பிடித்து, பெயரும் சர்வே எண்ணும் எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தார். 2.4 என்று வந்தது.

இந்தப் பட்டம் அவர் பொட்டாஷ் மூட்டை கூடுதலாக வாங்கவில்லை. மழைநீர் கிணற்றுக்கு இறங்கும்படி வரப்போரம் ஒரு குழி வெட்டியிருக்கிறார். போன வாரம் மகள் போன் செய்து, "அப்பா, கறிவேப்பிலை மஞ்சளாகுது" என்றார். "மொதல்ல அடி இலையா, கொழுந்தா சொல்லு. கடைக்கு அப்புறம் போலாம்" என்றார் பெரியவர்.