நீர்மேல் எழுதும் கோடு

அண்மைக் கடற்கரைக்கும் தனக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நிலம் கிடக்க, இமயத்தின் அடிவாரத்தில் அமர்ந்திருக்கும் டேராடூன் நகரத்திலேதான் பாரத தேசத்தின் கடல் வரைபடங்கள் தயாராகின்றன என்பது கேட்ட மாத்திரத்தில் சற்று விநோதமாகவே தோன்றும். 1874இல் கல்கத்தாவில் ஆரம்பமான கடல் அளவை இலாகா 1954இல் இவ்விடம் வந்து சேர்ந்தது. வரைபடத் தொழிலிலே மசிப்பேனாக் காலம் தொடங்கிக் கணினிக் காலம் வரையிற் கண்டு ஓய்வு பெற்றவரும், நாகப்பட்டினத்துக் கரையிற் பிறந்தவருமான பெரியவர் ஒருவர் அந்நகரிலேயே தங்கிவிட்டார். சர்ச்சைக்குரிய சிறு தீவுகளை ஒட்டிக் கடலெல்லை வரையும் வித்தையை அவர் வாயிலாக அறியும் ஆவலோடு அவருடைய மாடியறைக்குச் சென்றிருந்தேன். அவரிடம் பயின்று இப்போது சொந்தமாக வரைபடக்கூடம் நடத்தும் பெண்மணியும் தம் கணினியுடன் அங்கே இருந்தார்.

மேஜை மீது பித்தளை டிவைடர், பேரலல் ரூலர், மஞ்சட் பூச்சுப் படிந்த ஒரு துண்டு பிலிம், நீலமணி முனை பதித்த ஸ்கிரைபர் ஆகியவை கிடந்தன. மசியால் வரைவதை விட்டு, பூச்சைச் சுரண்டி ஒளி புகும் கோடாக ஆக்கும் வழக்கம் வந்த நாளைய கருவி அந்த ஸ்கிரைபர். பெரியவர் பிலிமின் மேல் ஒரு வளைகோட்டை மூச்சடக்கி இழுத்துக் காட்டினார். "நடுவிலே நின்னா அங்கே முடிச்சு விழுந்துடும்" என்றார். நான் அதை வியந்து பேசத் தொடங்கவே, "கோட்டை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. எதிலேயிருந்து அளக்கப் போறோம், அதை மொதல்ல சொல்லுங்க" என்று மறித்தார்.

கரையிலிருந்து என்றேன். எந்தக் கரை என்று கேட்டார். 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை, பொதுவாக நீர் வற்றி நிற்கும் ஓரத்தையே அளவைக்கு ஆதாரமாகக் கொள்கிறது. எனவே கடலெல்லை என்பது நம் ஊர்ச் செம்படவர் வத்தம் என்று சொல்லுகிற நிலையிலிருந்து பிறப்பது. ஆனால் வத்தமும் நாளுக்கு நாள் வேறுபடுவதால், எந்த வத்தம் என்று நிர்ணயித்தாக வேண்டும். பரிணாமவாதம் கண்ட சார்லஸ் டார்வினின் குமாரர் ஜார்ஜ் டார்வின் இந்தியக் கடல்களின் ஓதத்தை ஆராய்ந்து இதற்கென ஒரு மட்டத்தை வகுத்தார் என்பதும், நெடுங்காலம் நம் வரைபடங்களின் ஆழமெல்லாம் அதிலிருந்தே கணக்கிடப்பட்டது என்பதும் எனக்குப் புதிய செய்திகள்.

பின்னர் பெரியவர் ஒரு காகிதத்தில் எதிரெதிரான இரு கரைகளை வரைந்து, நடுக்கோடு போட்டு, ஒரு கரைக்கு முன்னால் இருபது மைல் தள்ளியதாகப் பாவித்து ஒரு குண்டூசியை ஊன்றினார். ஊசிக்கு நேரே நடுக்கோடு பத்து மைல் எதிர்க்கரைப் பக்கம் விலகியது. நிறைநீரிலும் தலைதூக்கி நிற்கும் பாறையாயின் அதற்கென்று 12 கடல்மைல் ஆரமுள்ள கடல் உண்டு; அதாவது ஏறக்குறைய 1,550 சதுர கிலோமீட்டர். மனிதர் வசிக்கத்தக்க தீவென்று அதுவே அங்கீகாரம் பெற்றுவிட்டாலோ 200 கடல்மைல். குறுக்கே வேறொருவர் கடல் இல்லாவிடில் நாலு லட்சத்து முப்பதினாயிரம் சதுர கிலோமீட்டர். நிறைநீரில் மூழ்கி வற்றும்போது மட்டும் வெளிப்படும் திட்டு கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால் தனித்து நின்றால், அதற்குச் சொந்தமாக ஒரு முழமும் இல்லை.

இதற்கு அவர் காட்டிய உதாரணம், ஹரியாபங்கா நதி வங்கக்கடலிற் கலக்குமிடத்தில், 1970 நவம்பரில் போலா புயல் அடித்து ஓய்ந்தபின் தலைகாட்டிய மணற்றிட்டு. இந்தியா அதை நியூ மூர் என்றது. பங்களாதேசம் தெற்குத் தால்பட்டி என்றது. யாரும் குடியேறாததும், கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தைத் தாண்டாததுமான அதன் பொருட்டு 1981இல் இரு தேசத்துக் கலங்களும் அவ்வட்டாரத்தில் எதிர்ப்பட நேர்ந்தது. நதியின் நடுவோட்டம் திட்டுக்குக் கிழக்கே செல்கிறதா மேற்கே செல்கிறதா என்பதே வழக்கு. வழக்காடிக்கொண்டிருக்கும்போதே வழக்குப் பொருள் கரைந்துபோயிற்று. அது முற்றும் மூழ்கிவிட்டதாக 2010இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். 2013 அக்டோபரில் இவ்வழக்கை விசாரித்த நடுவர்கள் நேரில் வந்து அவ்விடங்களைப் பார்வையிட்டார்கள். 2014 ஜூலை 7இல் வந்த தீர்ப்பு அத்திட்டை அளவைப்புள்ளியாகக் கொள்ள மறுத்து, இந்தியா கேட்ட சமதூரக் கோட்டையும் பங்களாதேசம் கேட்ட 180 பாகைக் கோட்டையும் அப்படியே ஏற்காமல், 177 பாகை 30 கலைத் திசையில் கடலுக்குள் நீளும் கோட்டை வகுத்தது. வழக்கிலிருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 பங்களாதேசத்துக்கும் 6,135 இந்தியாவுக்கும் சேர்ந்தன. திட்டு இருந்த இடம் மட்டும் இந்தியப் பக்கத்தில் விழுந்தது. நதிமுகத்தில் ஒரு பாகை பிசகினால் இருநூறு மைலுக்கு அப்பால் அது மூன்றரை மைலாக விரிந்துவிடும் என்று அப்பெண்மணி கணக்கிட்டுச் சொன்னபோது, நடுவர்கள் அரைப்பாகைக்கும் இடம் கொடுத்ததன் காரணம் எனக்குப் புலனாயிற்று.

பழைய ஒப்பந்தங்களிற் பலவற்றில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கலைக்கணக்கில் எழுதியிருக்குமேயன்றி, பூமியின் வடிவத்தை எந்தக் கணக்கின்படி எடுத்துக்கொண்டார்கள் என்ற குறிப்பு இராது. அந்நாளைய எவரெஸ்ட் கணக்கிலிருந்து இக்காலத்துச் செயற்கைக்கோட் கணக்குக்கு மாற்றினால் அதே எண்கள் சில நூறு மீட்டர் தள்ளிப்போய் உட்காரும். பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுப்படத்தில் கால் மில்லிமீட்டர்க் கோட்டின் தடிமனே 250 மீட்டர். நம் பத்திரிகைகளில் வரும் கச்சத்தீவுப் படங்களை இங்கே நினைத்துக்கொண்டேன்: 1974ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தக் கோடு 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தூரத்தில் செல்ல, பத்திரிகைகள் போடும் தடித்த சிவப்புக் கோடு அந்த மைலையும் தீவையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நாம் உரக்க வாதாடுகிறோம்.

முடிவாகாத எல்லையை எப்படி வரைவது என்று கேட்டேன். அரசாங்கத்து வரைபடம் தன் அரசின் கொள்கையையே காட்டும் என்பதைப் பெரியவர் ஒளிக்கவில்லை. பெண்மணியின் கூடத்திலோ, இரு தரப்பாரும் கோரும் கோடுகளைத் தனித்தனியே விட்டுவிட்டுச் செல்லும் கோடுகளாகப் போட்டு, யார் எந்த ஆண்டு எந்த ஆதாரத்தைக் கொண்டு கோரினார் என்பதை ஓரத்தில் எழுதுகிறார்கள். படத்தின் அழகை அந்த ஓரக்குறிப்பு கெடுக்கத்தான் செய்கிறது. ஆயினும் கோட்டைவிட அதையே நான் அதிகமாக நம்புவேன்.

அன்று அப்பெண்மணி கொணர்ந்திருந்தது மேற்படி தீர்ப்பின் கோடு. பெரியவர் தீர்ப்பின் எண்களைக் கடைசியிலிருந்து முதல்வரை ஒவ்வொன்றாக வாசிக்க, பெண்மணி ஒத்துப்பார்த்தார். எண்கள் யாவும் சரியாக இருந்தன. ஆனால் பூமியின் வளைவைத் தொடர்ந்து செல்ல வேண்டிய கோடு, படத்தில் வெறும் நேர்கோடாக இழுக்கப்பட்டிருந்தது.

"தெற்கு வடக்கா போற கோடுதானே சார், வித்தியாசம் கோட்டுத் தடிமனுக்குள்ளேயே அடங்கிடும்."

"காகிதத்திலே அடங்கும் அம்மா. இதைக் கம்ப்யூட்டரிலே நூறு மடங்கு பெரிசாக்கிப் பாக்கறவன் கிட்டே அப்படிச் சொல்ல முடியுமா?"

அவர் மறுபேச்சின்றிக் கோட்டை அழித்து, இடைப்புள்ளிகளைக் கணக்கிட்டு மீண்டும் வரையத் தொடங்கினார். பகற்போஜனம் அன்று மூன்று மணிக்குத்தான் ஆயிற்று.